சங்கத்துக் கணினிக்கு ஒரு பூட்டு: குவாசூலு-நடாலின் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் திறந்த மடல்

குவாசூலு-நடால் மாகாணத்தின் தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், ஈமச்சடங்கு உதவிச் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் டர்பனில் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறவன். உங்களில் சிலருடைய அலுவலகக் கணினி என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். உறுப்பினர் விவரம் இருக்கும் ஒவ்வொரு கணினியின் ஹார்ட் டிஸ்க்கையும் வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் என்க்ரிப்ட் செய்துவிடுங்கள், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி உருமாற்றிவிடுங்கள். அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் யார் யாரிடம் இருக்கும் என்பதைக் குழுவில் பேசி, தீர்மானமாகவே எழுதி வையுங்கள். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. தேவையானவை எல்லாம் திறமூல மென்பொருள்களாகவே, அதாவது நிரலை யாரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டவையாகவே கிடைக்கின்றன.

"கணினிக்குத்தான் ஏற்கெனவே பாஸ்வேர்ட் இருக்கிறதே?" என்று கேட்காத செயலாளரை நான் பார்த்ததில்லை. விண்டோஸ் திறக்கும்போது கேட்கிற அந்தப் பாஸ்வேர்ட், டிஸ்க்கில் இருப்பதை மறைப்பதில்லை. நாலு திருகாணியைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து இன்னொரு கணினியில் மாட்டினால் அத்தனை கோப்பும் அப்படியே திரையில் வந்துவிடும். கழற்றக்கூட வேண்டாம், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கினாலே போதும். பழுதுபார்க்கிறவனுக்கு இது வசதிதான். உண்மையைச் சொன்னால் என் பிழைப்பில் பாதி இதை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் ஜன்னல் கம்பியை அறுத்துக்கொண்டு உள்ளே வருகிறவனுக்கும் அதே வசதி உண்டு. நம் ஊரில் திருடர்கள் லேப்டாப்பை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுத்துக்கொண்டு போவார்களா என்ன?

அந்த டிஸ்க்கில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். தைப்பூசக் காவடிக்குப் பதிவு செய்தவர்களின் பெயர், முகவரி, செல்போன் எண். தீமிதிக்கு வருகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டு வாங்கிய தாள்களின் ஸ்கேன். புரட்டாசி அன்னதானத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் வங்கிக் கணக்கு எண். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பிறந்த தேதியும் பள்ளியின் பெயரும். ஈமச்சடங்கு உதவிச் சங்கமாக இருந்தால் இன்னும் விசேஷம். யார் இறந்தால் பணம் யாருக்குப் போகவேண்டும் என்ற பட்டியலே இருக்கும். எல்லாவற்றோடும் 13 இலக்க அடையாள எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்களில் பிறந்த தேதி வெளிப்படையாகவே தெரியும், அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது தெரியும். கடைசிக்கு முந்திய இலக்கம் ஒரு காலத்தில் நம் இனத்தைக் குறித்தது. வயதானவர்களுக்கு அது நினைவிருக்கும்.

இந்த நாட்டில் பட்டியலைப் பற்றி நமக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோதே நம் முன்னோர் ஒவ்வொருவரும் ஓர் எண்ணாகத்தான் பதிவேட்டில் ஏறினார்கள். டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது தம்பி நாயுடு போன்றவர்கள் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதித் திடலில் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்து எரித்தார்கள். அந்தச் சர்க்கார் கேட்டதைவிட அதிக விவரத்தை இன்று நம் கோயில் படிவம் கேட்கிறது. சனங்களும் சாமி காரியம் என்று மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தது வரவேற்பறை மேசையில் திறந்த டிஸ்க்காகக் கிடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போப்பியா என்று நாம் சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம். 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அதன் 19ஆம் பிரிவு, கையில் இருக்கும் தகவலைக் காக்கத் தகுந்த, நியாயமான தொழில்நுட்ப ஏற்பாடு செய்யச் சொல்கிறது. 22ஆம் பிரிவு, தகவல் பிறர் கைக்குப் போனதாகக் கருத இடமிருந்தால் தகவல் ஒழுங்காற்று ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. மத நம்பிக்கை, உடல்நலம் பற்றிய தகவலும் பிள்ளைகளின் தகவலும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. மேலே நான் சொன்ன பட்டியலில் இந்த மூன்றுமே இருக்கின்றன. சங்கத்தின் தகவல் அலுவலர் யார் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே அவர். அதாவது தலைவர் அவர்களே, நீங்கள்தான்.

அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். "நம்மை மாதிரிச் சின்னச் சங்கத்தை எவன் கேட்கப்போகிறான்?" என்பீர்கள். கேட்காமலும் போகலாம். ஆனால் அந்த ஆணையம் 2023 ஜூலையில் முதல்முதலாக அபராதம் போட்டது நீதித்துறை அமைச்சகத்துக்கு, 50 லட்சம் ராண்ட். 2021 செப்டம்பரில் அங்கே ரான்சம்வேர் தாக்குதல், அதாவது கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல் நடந்தது. பிறகு ஆணையம் சரிசெய்யச் சொல்லி உத்தரவிட்டும் அவர்கள் செய்யாததால் வந்த அபராதம் அது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். அபராதத்துக்குப் பயந்து செய்கிற வேலை, பயம் தெளிந்ததும் நின்றுவிடும்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். ஏன் திறமூலம்தான் வேண்டும் என்கிறேன் என்பதற்கு இந்தப் பக்கத்துக் கதை ஒன்றே இருக்கிறது.

பால் லெ ரூ என்று ஒருவர். புலவாயோவில் பிறந்தவர், சிறுவயதிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து வளர்ந்தவர். 1990களின் பிற்பகுதியில் ஹார்ட் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் ஒரு மென்பொருளை எழுதி, நிரலையும் வெளியிட்டார். ஈ4எம் என்று அதற்குப் பெயர். அதன் மேல் கட்டப்பட்டு 2004இல் வந்ததுதான் ட்ரூகிரிப்ட். உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். லெ ரூ பிற்பாடு போதைப்பொருள், ஆயுதம், கொலை என்று பெரிய குற்றக் கும்பலையே நடத்தி, 2012இல் லைபீரியாவில் பிடிபட்டு, 2020இல் அமெரிக்க நீதிமன்றத்தில் 25 ஆண்டு தண்டனை பெற்றார். ட்ரூகிரிப்ட்டை எழுதியவர்களோ கடைசிவரை முகமே காட்டவில்லை. 2014 மே 28 அன்று, இது பாதுகாப்பானதல்ல, வேறு மென்பொருளுக்கு மாறுங்கள் என்று ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்திவிட்டார்கள்.

குற்றவாளியில் தொடங்கி முகம் தெரியாதவர்களில் முடிந்த சரக்கை எப்படி நம்புவது? ஆளை நம்ப வேண்டியதில்லை என்பதுதான் பதில். நிரல் வெளியில் இருந்தது. நிபுணர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதை வரிவரியாகத் தணிக்கை செய்து, 2015இல் அறிக்கை கொடுத்தார்கள். சில குறைகள் இருந்தன, திட்டமிட்டு வைத்த பின்வாசல் எதுவும் அகப்படவில்லை. அதே நிரலை எடுத்துப் பலப்படுத்தி 2013 முதல் வெளியிட்டு வருவது பிரான்சைச் சேர்ந்த மூனிர் இத்ராசி தொடங்கிய வெராகிரிப்ட். நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். இதையும் 2016இல் தணிக்கை செய்தார்கள். கடுமையான ஓட்டைகள் சில கண்டுபிடிக்கப்பட்டன, பெரும்பாலானவை உடனே 1.19 பதிப்பில் அடைக்கப்பட்டன. நம் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்கூட்டத்தில் படிக்கிறோம் அல்லவா, குறை வெளியே வந்தால்தானே கணக்கின் மேல் நம்பிக்கை வரும்.

விண்டோஸுடன் வரும் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போதாதா என்று கேட்பவர்களுக்கு: எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஏற்கெனவே போட்டிருந்தால் கழற்ற வேண்டாம். ஆனால் முழு பிட்லாக்கர் விண்டோஸின் ஹோம் பதிப்பில் கிடையாது. நம் சங்கங்களில் இருப்பது பெரும்பாலும் ஹோம்தான். சில புதுக் கணினிகள் தாமாகவே என்க்ரிப்ட் செய்துகொண்டு, மீட்புச் சாவியை முதலில் உள்நுழைந்தவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் போட்டுவிடும். அது சென்ற முறை செயலாளராக இருந்தவருடைய மகனின் கணக்காக இருந்தால்? அப்படி ஒரு கணினி என்னிடம் வந்தது. எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. பையன் கேப் டவுனில் இருந்தான், நல்லவேளை கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11 ஏற்காவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ நிறுவுங்கள், இரண்டும் லினக்ஸ் வகைகள்தான். உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த் வெல்கமில் பிறந்தவர், உபுண்டு என்ற பெயரே நம் ஊர் மொழிச் சொல்தான். நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொன்னால் வேலை முடிந்தது. அடியில் இயங்குவது லக்ஸ் என்ற முறை. சங்கங்களுக்கு லக்ஸில் ஒரு பெரிய வசதி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

கூகுள் டிரைவிலும் டிராப்பாக்ஸிலும் பட்டியல் வைத்திருப்பவர்கள் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக மறைத்த பிறகே மேலே அனுப்பும். கணினியில் இலவசம், செல்போனில் முழுமையாகப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், ஜிப் கோப்பு. பட்டியலை ஜிப் செய்து, பாஸ்வேர்ட் போட்டு, வாட்சப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் டிம் ஜென்கின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜென்கின், 1979இல் மரத்தில் சாவிகள் செய்து பிரிட்டோரியா சிறையிலிருந்து தப்பியவர். 1980களின் இறுதியில் நிறவெறி அரசுக்கு எதிராக ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ரகசியமாக நடத்திய வூலா நடவடிக்கைக்காக லண்டனில் உட்கார்ந்து என்க்ரிப்ஷன் மென்பொருள் எழுதினார். 1988இல் அந்த இயக்கத்தைச் சேர்ந்த மேக் மகராஜும் சிபிவே நியாண்டாவும் ரகசியமாக நாட்டுக்குள் நுழைந்தார்கள். டர்பன்தான் முக்கியத் தளம். லேப்டாப்பில் செய்தியை என்க்ரிப்ட் செய்து, அதை ஒலியாக மாற்றி டேப்பில் பதிந்து, தெருவோரப் பொதுத் தொலைபேசியில் ஓடவிடுவார்கள். லண்டன் வழியாக அது காங்கிரஸின் தலைமையகம் இருந்த லுசாக்காவுக்குப் போகும். செய்தியைத் திறக்கும் என்க்ரிப்ஷன் சாவிகள் அடங்கிய பிளாப்பி டிஸ்குகளை ஒரு டச்சு விமானப் பணிப்பெண் கொண்டுவந்து கொடுத்தார். போகிற வழியில் அந்தச் செய்திகளை யாராலும் உடைக்க முடியவில்லை. 1990 ஜூலையில் டர்பனில் தோழர்கள் பிடிபட்டு, தங்கியிருந்த வீடுகளில் இருந்த ஆவணங்களும் டிஸ்குகளும் போலீசார் கையில் சிக்கிய பிறகே எல்லாம் வெளியே வந்தது. வழியில் பூட்டியிருந்து வீட்டில் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரே பார்த்திருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. ஜென்கின் அந்த நிரலைப் பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்பில் பத்திரப்படுத்தினார், பிறகு பாஸ்வேர்டை மறந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2024இல், ஜான் கிரஹாம்-கம்மிங் என்ற கணினி வல்லுநர் அந்த ஜிப்பை உடைத்துத் திறந்து கொடுத்தார். பழைய ஜிப் முறையில் 1994இலேயே அம்பலமான ஒரு பலவீனம் இருக்கிறது. கோப்பின் ஒரு சிறு பகுதி என்னவென்று ஊகிக்க முடிந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் முழுவதையும் திறந்துவிடலாம். நிரல் இப்போது பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வரலாற்றுக்கு நல்லது நடந்தது. ஆனால் உங்கள் செயலாளர் இன்றும் அனுப்புவது அநேகமாக அதே பழைய முறை ஜிப்தான். இலவசமான, திறமூலமான செவன்-ஜிப்பை எடுத்து, கோப்பை 7இசட் வகையில் செய்து பாஸ்வேர்ட் போடுங்கள். அது ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறையில் மறைக்கும். கோப்பின் பெயரையும் மறைக்கச் சொல்லி ஒரு டிக் போடுங்கள். பாஸ்வேர்டை அதே வாட்சப் குழுவில் போடாதீர்கள், கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது கடினமான பகுதி. மென்பொருளை நிறுவுவது ஒரு மத்தியான வேலை. பாஸ்வேர்டை யார் வைத்திருப்பது என்பதில்தான் சங்கங்கள் தடுமாறும். என்க்ரிப்ட் செய்த டிஸ்க்கின் பாஸ்வேர்ட் போனால் டிஸ்க்கும் போனதுதான். என்னிடம் கொண்டுவந்து கெஞ்சினாலும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு எந்தக் கடையாலும் முடியாது. வெராகிரிப்ட் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் 5 லட்சம் முறை அரைத்துத்தான் சோதிக்கும். அதனால் நல்ல பாஸ்வேர்டை ஊகித்துப் பிடிக்க யாருக்கும் ஆயுள் போதாது. திருடனுக்கு எவ்வளவு கடினமோ, மறந்துபோன செயலாளருக்கும் அவ்வளவே கடினம். நம் செயலாளர்களோ பெரும்பாலும் வயதானவர்கள். தேர்தலில் தோற்றுக் கோபித்துக்கொண்டு சாவியோடு போய்விடுகிறவர்களும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் ஓர் ஆளாவது நினைவுக்கு வரும்.

லக்ஸில் ஒரே டிஸ்க்குக்குப் பல பாஸ்வேர்ட் வைக்கலாம். பழைய லக்ஸ்1இல் 8 வரை, லக்ஸ்2இல் 32 வரை. தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று. ஒருவர் பதவி விலகினால் அவருடையதை மட்டும் நீக்கிவிடலாம், மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். வெராகிரிப்ட்டில் இந்த வசதி இல்லை, ஒரு டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்ட்தான். அதற்கு நான் சொல்லும் வழி இது. ஐந்தாறு சொற்களைக் கோத்து நீளமாக ஒரு பாஸ்வேர்ட் அமையுங்கள். கோயில் பெயரும் ஆண்டும் வேண்டாம், அதை ஊகிக்கப் பூசாரி வீட்டுப் பையனே போதும். அதைத் தாளில் எழுதி, இரண்டு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குழுவினர் கையெழுத்திடுங்கள். ஒன்று வங்கிப் பெட்டகத்தில், மற்றொன்று அலுவலகத்துக்கு வெளியே ஓர் அறங்காவலர் வீட்டில். உறை பிரிக்கப்பட்டால் கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். விண்டோஸ் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும்போது வெராகிரிப்ட் செய்யச் சொல்லும் மீட்பு டிஸ்க்கையும் அதே உறையோடு வையுங்கள். புதிய குழு பதவியேற்றதும் பாஸ்வேர்டை மாற்றி, புது மீட்பு டிஸ்க் செய்து, பழையதை அழித்துவிடுங்கள். பழைய மீட்பு டிஸ்க்கும் பழைய பாஸ்வேர்டும் ஒருவர் கையில் சேர்ந்து இருந்தால் மாற்றியும் பயனில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள், அந்தப் பிரதியையும் என்க்ரிப்ட் செய்யுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனை கணினி சேற்றில் போனது என்று உங்களுக்கே தெரியும். என்க்ரிப்ஷன் தண்ணீரைத் தடுக்காது. டிஸ்க் முழுவதையும் மாற்ற சில மணி நேரம் ஆகும். மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். லோட்-ஷெட்டிங் குறைந்துவிட்டது சரிதான், ஆனாலும் நம் தெருவில் கேபிள் திருட்டு இருக்கிறதே.

பழைய ட்ரூகிரிப்ட் கோப்பு யாரிடமாவது இருந்தால், அதைத் திறக்கும் கடைசி வெராகிரிப்ட் பதிப்பு 1.25.9. புதிய 1.26 வரிசையில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இன்றே திறந்து புதிதுக்கு மாற்றிவிடுங்கள்.

இது எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் வரும் ரான்சம்வேரையோ, மின்னஞ்சலில் வரும் ஏமாற்று இணைப்பையோ என்க்ரிப்ஷன் தடுக்காது. 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் டிரான்ஸ்நெட் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டு டர்பன் துறைமுகமே திணறியதே, அது மாதிரியான விஷயத்துக்கு வேறு மருந்து. லேப்டாப்பை மூடி மட்டும் வைத்தால் போதாது, வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். நாம் குறிவைப்பது திருட்டு, தொலைந்துபோதல், பழுதுக்குப் போதல், பழைய கணினியை விற்பது ஆகிய நான்கை மட்டும். சங்கங்களில் நடப்பதும் பெரும்பாலும் இந்த நான்குதான்.

"மறைக்க நமக்கு என்ன இருக்கிறது, போலீஸ் சந்தேகப்படுமே" என்று ஒரு குழுவில் பெரியவர் ஒருவர் கேட்டார். இந்த நாட்டில் தன் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதே. குற்ற விசாரணையில் தேவைப்பட்டால் ரீக்கா எனப்படும் தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டப்படி நீதிபதியின் உத்தரவோடு திறக்கச் சொல்லலாம், அப்போது திறந்து கொடுப்போம். மேலும் ஐயா, அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் ரகசியமோ என் ரகசியமோ இல்லை. அது உறுப்பினர்களுடையது. மறைக்கவா வேண்டாமா என்று அவர்கள் சார்பில் நாம் முடிவெடுக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. காவடிப் பதிவு பொங்கலுக்கு முன்பே தொடங்கிவிடும். அதற்குள் பதிவு மேசையில் உட்காரும் அந்த ஒரு லேப்டாப்பையும், அதிலிருந்து அச்சகத்துக்குப் போய்வரும் பென் டிரைவையும் முடித்துவிடுங்கள். மற்ற கணினிகளைப் பொதுக்கூட்டத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம். அலமாரியில் கிடக்கும் செத்த கணினிகளை மட்டும் அதுவரை யாருக்கும் விற்காதீர்கள், தானமாகவும் கொடுக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். எந்தச் சங்கமானாலும் டிஸ்க்குகளைத் துடைத்துத் தருவதற்கு நான் கூலி வாங்குவதில்லை, குழுவிலிருந்து இருவர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து உங்கள் கணினி பழுதுபார்ப்பவன்